மலைவழியே பந்தயத் தடம்
இயற்கைத் தடச் சறுக்குவண்டிப் போட்டியின் வரலாறு

மலையும் மலைசார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்றும் நிலத்தை வகுத்துக் கண்டது தமிழ் மரபு. ஆண்டில் பல மாதங்கள் உறைபனி மூடிக் கிடக்கும் நிலத்துக்கெனத் தனித் திணை எதனையும் அது வகுக்கவில்லை. வகுக்க வேண்டிய தேவையும் அன்று எழவில்லை. முன்பனி, பின்பனி என இரு பருவங்களுக்குத் தமிழர் பெயர் இட்டனர். எனினும் அப்பெயர்களில் வரும் பனி, புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே குறிக்கும். வழியை மறைத்து, கூரையை அழுத்தி, மாதக் கணக்கில் கரையாது நிற்கும் வெண்பனி வேறு பொருள். கேமரன் மலையின் குளிரையே பெருங்குளிர் எனக் கருதிப் போர்வை தேடுவோர், அத்தகைய நிலத்து வாழ்வை மனத்தில் காண்பதற்குச் சிறிது முயல வேண்டியிருக்கும்.

அவ்வாறான நிலங்களுள் ஒன்று ஐரோப்பாவின் நடுவே நீண்டு கிடக்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடர். அங்கு வாழும் மலைமக்களுக்குச் சக்கர வண்டியைக் காட்டிலும் பயன்பட்ட ஊர்தி ஒன்று உண்டு. அது சக்கரமில்லாத சறுக்குவண்டி. தொழிற்கருவியாகப் பிறந்த அவ்வண்டி விளையாட்டுக் கருவியாயிற்று. பின்னர் அவ்விளையாட்டு இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை, காங்கிரீட்டால் கட்டிக் குளிரூட்டப்பெற்ற தடத்தில் ஓடி ஒலிம்பிக் அரங்கில் ஏறியது. மற்றொரு கிளை பிறந்த மலைப்பாதையிலேயே நின்றுவிட்டது. 'இயற்கைத் தடச் சறுக்குவண்டிப் போட்டி' என வழங்கும் இரண்டாம் கிளையின் வரலாறு வெளியுலகில் அதிகம் பேசப்படாதது. ஒரு விளையாட்டு எதனை விட்டுக்கொடுத்து வளரலாம், எதனை விட்டுக்கொடுத்தால் வேறொன்றாகிவிடும் என்னும் வினாவுக்கு விடை தேடுவோர் அறிய வேண்டிய வரலாறும் அதுவே.

வைக்கோலும் விறகும் சுமந்த வண்டி

ஆல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளில் கோடைக்காலத்தில் புல் அறுப்பர். அறுத்த புல்லை உலர்த்தி, அங்கேயே சிறு மரக் கொட்டில்களில் சேர்த்து வைப்பர். அதனை உடனே ஊருக்குக் கொண்டுவர இயலாது. வழி செங்குத்தானது, சக்கர வண்டி அதில் ஏறாது. குளிர்காலம் வந்து, பாறையும் பள்ளமும் பனியால் நிரவப்பட்ட பின்னரே மலைமக்கள் சறுக்குவண்டியைத் தோளில் சுமந்து மேலே ஏறுவர். உலர்புல்லையோ வெட்டிய மரத்தையோ அதில் ஏற்றிக் கட்டிக்கொண்டு, வண்டியின் முன்னே நின்று, குதிகாலையே தடையாக ஊன்றி இறங்குவர். வண்டியின் சறுக்குச் சட்டங்கள் இரண்டும் முன்புறம் கொம்புபோல் வளைந்து நிற்குமாதலின், ஜெர்மன் மொழியில் இதனைக் 'கொம்பு வண்டி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். பவேரியாவின் பார்ட்டன்கிர்ஹன் என்னும் ஊரில் ஜனவரி 6-ஆம் நாள் திருநாளன்று இத்தகைய கொம்பு வண்டிகளைக் கொண்டே பந்தயம் நடத்துவது வழக்கமாகியுள்ளது.

இத்தொழில் எளியதன்று. பிரான்சின் வோழ் மலைக்காடுகளில் மரம் சுமந்த வண்டிகளைத் தம் முதுகாலும் காலாலும் தடுத்தபடி இறங்கிய தொழிலாளர் பலர், கட்டுக்கடங்காத சுமையின் கீழ் நசுங்கி மாண்டனர். விரைவாக இறங்குவதைவிட, விரைவை அடக்கி இறங்குவதே அன்று திறமையாகக் கருதப்பட்டது. இக்கருத்தை ஈண்டு மனத்தில் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இயற்கைத் தடப் போட்டியின் உயிர்நாடியாக விளங்கியது இதுவே.

வண்டியின் பெயர்களும் ஆராயத் தக்கவை. சவாய் நாட்டிலும் சுவிட்சர்லாந்தின் பிரெஞ்சு மொழிப் பகுதியிலும் மக்கள் இதனை 'லூஜ்' என்றனர். ஜெர்மன் பேசும் மலைமக்கள் 'ரோடெல்' என்றனர். ஆங்கிலேயர் கொண்ட 'டொபாகன்' என்னும் சொல்லோ ஐரோப்பியச் சொல்லே அன்று. வட அமெரிக்கப் பழங்குடியினரான மிக்மாக் மக்களின் சொல், கனடாவின் பிரெஞ்சுக்காரர் வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. பனி பெய்யும் நிலம் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் இக்கருவி தனித்தனியே தோன்றியது என்பதற்கு இப்பெயர்களே சான்று.

டாவோஸ் வழியில் முதற் பந்தயம்

தொழிற்கருவி பந்தயக் கருவியானதற்கு நோயாளிகள் காரணமாயினர் என்பது வியப்புக்குரிய செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசநோய்க்கு மருந்து கிடையாது. உயர்ந்த மலையின் தூய காற்றும் வெயிலும் ஓய்வுமே மருத்துவம் எனக் கருதப்பட்டன. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் பள்ளத்தாக்கில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்பெங்லர் இம்முறையைப் பரப்பினார். 1865-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நோயாளிகள் இருவர் முதன்முதலாகக் குளிர்காலத்தில் அங்கு வந்து தங்கினர். அடுத்த சில ஆண்டுகளில் பல நாட்டுச் செல்வர்களும் அறிஞர்களும் கூடும் இடமாக அவ்வூர் மாறிற்று.

அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் ஜான் அடிங்டன் சைமண்ட்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர். இத்தாலிய மறுமலர்ச்சியின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிப் புகழ் பெற்றவர். நுரையீரல் நோயுற்று 1877-இல் டாவோஸ் வந்த அவர், அங்கேயே வீடு கட்டி வாழ்ந்தார். மலைமக்களின் சறுக்குவண்டி அவரைக் கவர்ந்தது. வந்து தங்கிய ஆங்கிலேயர் அதனை விளையாட்டாக ஓட்டத் தொடங்கினர், சங்கம் அமைத்தனர். 1883-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் டாவோசுக்கு அடுத்துள்ள சாலையில், குளோஸ்டர்ஸ் ஊரை நோக்கிச் சுமார் 4 கிலோமீட்டர் தொலைவுக்குப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. 7 நாடுகளைச் சேர்ந்த 21 பேர் அதில் கலந்துகொண்டனர். பல நாட்டினர் போட்டியிட்ட முதல் சறுக்குவண்டிப் பந்தயமாக வரலாறு இதனையே குறிக்கிறது.

வென்றவர் இருவர். ஒருவர் ராபர்ட்சன் என்னும் ஆஸ்திரேலிய மாணவர். மற்றவர் பீட்டர் மின்ஷ். குளோஸ்டர்ஸ் ஊரின் தபால்காரர். இருவரும் 9 நிமிடம் 15 வினாடியில் தொலைவைக் கடந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டனர். கணக்கிட்டால் மணிக்கு 26 கிலோமீட்டர் அளவுதான் வேகம். இன்றைய போட்டியாளர்க்கு அது வேகமே அன்று. ஆயினும் அம்முடிவில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. கடல் கடந்து வந்த மாணவர்க்குப் பொழுதுபோக்கு நிகழும் இடமாக இருந்த மலைச்சாலை, தபால்காரர்க்குப் பிழைப்பு நடக்கும் இடம். அன்றைய பந்தயத்தில் இருவரும் சமமாயினர். ஓடிய தடமோ பந்தயத்துக்கென வெட்டப்பட்டதன்று. ஊரார் நாள்தோறும் போய்வரும் சாலை.

ஒன்று இரண்டானது

ஓராண்டு, ஈராண்டுக்குள்ளேயே வேறொரு போக்கும் தலைகாட்டியது. 1884-85 குளிர்காலத்தில் செயின்ட் மோரிட்ஸ் என்னும் சுவிஸ் ஊரில், பந்தயத்துக்கென்றே பனியாலும் பனிக்கட்டியாலும் தடம் ஒன்று அமைக்கப்பட்டது. 'கிரெஸ்டா ஓட்டம்' எனப் புகழ்பெற்ற அத்தடத்தில் வளைவுகளின் வெளிப்புறத்தே சாய்ந்த சுவர் எழுப்பப்பட்டது. சுவர் இருந்தால் வளைவில் வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. வண்டி சுவரில் ஏறித் தானே திரும்பும். உள்ள வழியில் ஓடுவது ஒரு முறை; ஓடுவதற்கேற்ப வழியைச் செய்துகொள்வது மற்றொரு முறை. பிற்காலப் பிரிவினையின் வித்து அன்றே விழுந்தது எனலாம்.

எனினும் பல பத்தாண்டுகள் இரு முறைகளும் ஒரே குடையின் கீழ் நின்றன. 1913-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பன்னாட்டுச் சறுக்குவண்டிச் சங்கம் தோன்றியது. 1914-இல் முதல் ஐரோப்பிய வாகைப் போட்டி ரைகன்பெர்க் நகரில் நடந்தது. அந்நகரம் அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்தது. இன்று லிபரெட்ஸ் என்னும் பெயரில் செக் நாட்டில் உள்ளது. அதே ஆண்டில் மூண்ட உலகப் போர் பேரரசையும் சிதைத்தது, போட்டியையும் நிறுத்தியது. 1928-இல் ஷ்ரைபர்ஹாவ் என்னும் ஜெர்மானிய மலையூரிலேயே அடுத்த ஐரோப்பியப் போட்டி கூடியது. அவ்வூரும் இன்று போலந்து நாட்டில் இருக்கிறது. மலைகள் அசையவில்லை; எல்லைக் கோடுகளே அவற்றின் மீது நகர்ந்துகொண்டிருந்தன.

1935-இல் இவ்விளையாட்டு, பாப்ஸ்லெய்க் என்னும் பெருவண்டிப் பந்தயத்தின் பன்னாட்டு அமைப்பில் ஒரு பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 1954-இல் ஏதென்ஸ் நகரில் கூடிய பன்னாட்டு ஒலிம்பிக் குழு, லூஜ் போட்டியை ஒலிம்பிக்கில் சேர்ப்பதென முடிவு செய்தது. 1955-இல் ஓஸ்லோவில் முதல் உலக வாகைப் போட்டி நடந்தது. 1957-இல், முதற் பந்தயம் நடந்த அதே டாவோஸ் நகரில், லூஜ் விளையாட்டுக்கெனத் தனிப் பன்னாட்டுக் கூட்டமைப்பு நிறுவப்பட்டது. அதன் முதல் தலைவரான ஆஸ்திரியர் பெர்ட் இசாடிட்ஷ் 1994-இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1964-இல் இன்ஸ்புருக் ஒலிம்பிக்கில் லூஜ் அரங்கேறியது.

அரங்கேற்றம் மங்கலமாக அமையவில்லை. போட்டிக்கு முன் பயிற்சியில் பிரிட்டன் அணியின் காசிமியர்ஸ் கே-ஸ்கிர்சிபெட்ஸ்கி உயிரிழந்தார். அவ்வாண்டு பனியும் போதவில்லை. ஆஸ்திரியப் படையினர் 20,000 பனிக்கட்டிப் பாளங்களை மலையிலிருந்து வெட்டியெடுத்து வந்து தடங்களுக்கு அளித்தனர். 1968-இல் பிரான்சில் நடந்த ஒலிம்பிக்கிலும் வெயில் குறுக்கிட்டது; நான்கு ஓட்டங்களாக நடக்க வேண்டிய ஒற்றையர் போட்டி மூன்றோடு முடிந்தது. அதே போட்டியில் கிழக்கு ஜெர்மனியின் பெண் போட்டியாளர்கள், வண்டியின் எஃகுச் சட்டங்களைச் சூடேற்றினர் என்று நீக்கப்பட்டனர்.

வானிலையை நம்பிப் பயனில்லை என்னும் எண்ணம் வலுத்தது. 1969-ஐ ஒட்டி ஜெர்மனியின் கோனிக்சே என்னும் இடத்தில், காங்கிரீட்டுக்குள் குளிரூட்டும் குழாய்களைப் பதித்த தடம் எழுந்தது. உலகிலேயே அவ்வகையில் அதுவே முதலாவது. 1976-இல் இன்ஸ்புருக்கில் மீண்டும் ஒலிம்பிக் கூடியபோது அங்கும் குளிரூட்டப்பெற்ற தடமே இருந்தது. அதன்பின் ஒலிம்பிக் லூஜ், மலைச்சாலையை முற்றிலும் மறந்தது.

இயற்கைத் தடத்தின் இலக்கணம்

பிரிந்து போன உறவினரின் புகழைக் கண்டு மலையூர்கள் தம் பழைய வழியைக் கைவிடவில்லை. மாறாக, அதற்கென இலக்கணம் வகுத்துக்கொண்டன. அவ்விலக்கணம் எதிர்மறையால் தொடங்குவது. தடம் மலையில் முன்பே உள்ள பாதையையோ காட்டு வழியையோ ஒட்டி அமைதல் வேண்டும். வளைவில் சாய்சுவர் எழுப்புதல் கூடாது. தடத்தின் மேற்பரப்பு குறுக்குவாட்டில் மட்டமாக இருத்தல் வேண்டும். பொறிகளைக் கொண்டு குளிரூட்டுதல் கூடாது. பனியை மிதித்து இறுக்கலாம்; இரவில் நீர் தெளித்து உறைய விடலாம்; அதற்கு மேல் செய்வது வானத்தின் வேலை.

தடத்தில் இடப்புற வளைவு, வலப்புற வளைவு, கொண்டையூசி வளைவு, அடுத்தடுத்து மாறிவரும் வளைவுகள், நேர்வழி ஆகியவை இருக்க வேண்டும் என்பதும் விதி. மலைச்சாலையில் பேருந்தில் சென்றவர்கள் கொண்டையூசி வளைவை அறிவர். வழி சென்ற திசைக்கே முதுகைக் காட்டித் திரும்பும் அவ்விடத்தை, சுவரின் துணையின்றி, உறைந்த தரையில், சக்கரமில்லாத வண்டியில் கடப்பதுதான் இப்போட்டியின் கடுமையான தேர்வு.

வண்டியை ஓட்டும் முறையும் வேறு. ஒலிம்பிக் லூஜ் வீரர் வானம் பார்த்து மல்லாந்து அசையாது கிடந்து, கெண்டைக்காலின் நுண்ணிய அழுத்தத்தாலும் தோளின் அசைவாலும் வண்டியைச் செலுத்துகிறார். இயற்கைத் தட வீரரோ உடல் முழுவதையும் பயன்படுத்துகிறார். ஒரு கையில் கடிவாளம் போன்ற வார். மற்றொரு கை வளைவின் உட்புறம் நீண்டு பனியைத் தொடும். காலால் சட்டத்தை அழுத்துவதோடு, இடுப்பைச் சாய்த்தும் திருப்புவர். காலணியின் அடியில் முட்கள் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றை ஊன்றி வேகத்தை அடக்குவர். வேகம் மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வரை செல்லும். செயற்கைத் தடத்தில் அது 130 கிலோமீட்டரையும் தாண்டும். முன்னதில் வளைவு வரும்போது எங்கே அடக்குவது, எங்கே விடுவது என்னும் முடிவு முழுவதும் ஓட்டுபவரிடமே உள்ளது. தாமதமாக அடக்கினால் தடத்தை விட்டு வெளியே போவார்; முன்னதாக அடக்கினால் பின்தங்குவார். சுமை வண்டியைக் குதிகாலால் தடுத்து இறங்கிய பழைய மலைவாணரின் திறமை இங்கே மாறாது தொடர்வதைக் காணலாம்.

இயற்கைத் தடம் இடர் அற்றது என்று இதனால் கொள்ளலாகாது. மரங்களும் பாறைகளும் வழியோரத்திலேயே உள்ளன; ஆபத்தான இடங்களில் பலகைத் தடுப்புகள் நிறுத்தப்படுகின்றன. மலை தரும் வேகத்துக்கு மேல் வேகத்தைக் கட்டி எழுப்புவதில்லை என்பதே வேறுபாடு.

வாகைப் போட்டிகள்

இயற்கைத் தடத்துக்கெனத் தனியாக முதல் ஐரோப்பிய வாகைப் போட்டி 1970-இல் ஆஸ்திரியாவின் காப்ஃபென்பெர்க் நகரில் நடைபெற்றது. கோனிக்சேயில் குளிரூட்டப்பெற்ற தடம் எழுந்ததை அடுத்து இது நிகழ்ந்தமை கருதத் தக்கது. பழைய முறை தன்னைத் தனியே பெயரிட்டுக்கொள்ள வேண்டிய நிலை அப்போதுதான் வந்தது. அதுகாறும் எல்லாத் தடங்களும் ஏதோ ஓர் அளவில் இயற்கையின் தயவிலேயே இருந்தன. 'இயற்கைத் தடம்' என அடைமொழி சேர்க்கத் தேவை எழவில்லை. ஆலைச் சர்க்கரை வந்த பின்னரே பழைய வெல்லத்தை 'நாட்டு' என்று பிரித்துச் சொல்வது போன்றது இது.

1979-இல் டிரோல் மாநிலத்தின் இன்சிங் என்னும் சிற்றூரில் முதல் உலக வாகைப் போட்டி கூடியது. ஆடவர் ஒற்றையர், பெண்டிர் ஒற்றையர், இரட்டையர் என மூன்று பிரிவுகளில் போட்டிகள் நடந்தன. பிற்காலத்தில் குழுப் போட்டியும் சேர்ந்தது. 1992-93 குளிர்காலம் முதல் உலகக் கோப்பைத் தொடரும் நடந்து வருகிறது. ஆஸ்திரியாவின் கெர்ஹார்ட் பில்ஸ், இத்தாலியின் அன்டன் பிளாஸ்பிக்லர், பட்ரிக் பிக்னெட்டர், எவலின் லாந்தாலர், ரஷ்யாவின் எகடெரினா லவ்ரென்டியெவா ஆகியோர் இத்துறையில் பன்முறை வாகை சூடியவர்கள்.

உலகப் போட்டி நடந்த ஊர்களின் பட்டியல் ஒரு செய்தியைத் தெளிவாக்கும். 1998-இல் பின்லாந்தின் ரவுதவாரா, 2003-இல் ஸ்லோவேனியாவின் ஜெலெஸ்னிகி, 2017-இல் ருமேனியாவின் வாத்ரா டோர்னெய் என ஆல்ப்ஸ் நடுவிடத்தை விட்டு அது அவ்வப்போது வெளியே சென்றுள்ளது. 2007-இல் கனடாவின் கிராண்ட் பிரெய்ரி நகரில் நடந்தபோது முதன்முதலாக ஐரோப்பாவுக்கு வெளியே காலடி வைத்தது. ஆனால் திரும்பத் திரும்ப அது வந்து சேரும் இடங்கள் ஆஸ்திரியாவின் மலையூர்களும் இத்தாலியின் வடகோடி மலையூர்களுமே. 2011-லும் 2021-லும் உம்ஹவுசன் ஊரில் உலகப் போட்டி நடந்தது. தலைநகரங்களின் பெயர்களை இப்பட்டியலில் தேடினால் கிடைக்காது.

ஒரு நாடு, மற்றொரு மொழி

வென்றவர் பட்டியலைப் படிக்கும் மாணவர்க்கு ஐயம் ஒன்று எழக்கூடும். இத்தாலிய வீரர்களுக்கு ஜெர்மன் பெயர்கள் வருவானேன்? விடை வரலாற்றில் இருக்கிறது. தென் டிரோல் எனப்படும் மலைநாடு பல நூற்றாண்டுகள் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. மக்களுள் பெரும்பாலோர் ஜெர்மன் பேசுவோர். முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்றபின், 1919-ஆம் ஆண்டு செயின்ட் ஜெர்மன் உடன்படிக்கையின்படி அந்நிலம் இத்தாலிக்குச் சென்றது. பாசிச ஆட்சி 1923 முதல் ஜெர்மன் மொழிக் கல்வியைப் படிப்படியாகத் தடை செய்தது. ஊர்ப்பெயர்களையும் இத்தாலியப் பெயர்களாக மாற்றியது. ஆசிரியர்கள் மறைவிடங்களில் பிள்ளைகளைக் கூட்டித் தாய்மொழி எழுத்தைக் கற்பித்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே, 1948-லும் 1972-லும் வந்த தன்னாட்சிச் சட்டங்களால் நிலைமை சீர்பெற்றது.

இன்று அங்குள்ள ஊர்கள் இரு பெயர்களால் வழங்கும். 2023-இல் உலக வாகைப் போட்டி நடந்த ஊரை ஜெர்மன் மொழியில் டாய்ச்நோஃபன் என்பர். இத்தாலிய மொழியில் நோவா பொனெந்தே என்பர். இத்தகைய ஊர்களின் பிள்ளைகளுக்குச் சறுக்குவண்டி புறத்திலிருந்து வந்த கலையன்று. பாட்டன் வைக்கோல் சுமந்த கருவி. செயற்கைத் தடத்தின் பெருவீரர்கள் சிலரும் இந்நிலத்திலிருந்தே எழுந்தனர். 1968-இல் ஒலிம்பிக் பொன்பதக்கம் பெற்ற எரிகா லெக்னர், 1972-லும் 1984-லும் வென்ற பால் ஹில்ட்கார்ட்னர் ஆகியோர் தென் டிரோல் மக்களே. 1994 முதல் 2014 வரை ஆறு ஒலிம்பிக்கிலும் தொடர்ந்து பதக்கம் பெற்ற ஆர்மின் சோகெலரும் இளமையில் இயற்கைத் தடத்தில் ஓட்டிப் பழகியவர். கட்டிய தடத்தில் புகழ் பெற்றவரின் கல்வி, கட்டாத வழியில் தொடங்கியது.

மூடிய வாயில்

இயற்கைத் தடப் போட்டியை ஒலிம்பிக்கில் சேர்க்க வேண்டும் என்னும் குரல் நெடுங்காலமாக எழுந்து வருகிறது. இதுகாறும் வாயில் திறக்கவில்லை. சில நாட்டவரே மிகுதியாக வெல்வது பெருங்குறையாகக் காட்டப்படுகிறது. வானிலை மாறினால் நிகழ்ச்சி நிரல் குலையும் என்பதும் தொலைக்காட்சிக் காலத்தில் புறக்கணிக்க முடியாத தடை. செயற்கைத் தடத்தில் முதல் வீரர்க்கும் கடைசி வீரர்க்கும் ஏறத்தாழ ஒரே தன்மையான பனிக்கட்டி கிடைக்கும் என்னும் நேர்மையும் மறுக்கத் தக்கதன்று.

ஆயினும் அந்நேர்மைக்குக் கொடுக்கும் விலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2006 டூரின் ஒலிம்பிக்கிற்கெனச் செசானா என்னும் இடத்தில் பெரும்பொருட் செலவில் தடம் கட்டப்பட்டது. பராமரிக்கும் செலவு தாளாமல் பத்தாண்டு நிறையுமுன்னரே அது மூடப்பட்டது. 2026 ஒலிம்பிக்கிற்கு இத்தாலி மீண்டும் கோர்ட்டினாவில் ஏறத்தாழ 12 கோடி யூரோ செலவில் புதிய தடம் கட்டியது. அண்டை நாடுகளில் உள்ள தடத்தைப் பயன்படுத்தலாமே என ஒலிம்பிக் குழுவே சொல்லியும், நூற்றுக்கணக்கான லார்ச் மரங்கள் வெட்டப்படுவதை ஊரார் சிலர் எதிர்த்தும், பணி நடந்தது. அதே இத்தாலியின் மலையூர்களில் செலவின்றிக் கிடக்கும் காட்டுவழிகளில் உலக வாகைப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தன என்பது எண்ணத் தக்கது.

வேகத்தின் விலை உயிராகவும் அமைந்தது. 2010-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், கனடாவின் விஸ்லர் தடத்தில், ஒலிம்பிக் தொடக்க விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, ஜார்ஜியா நாட்டின் நோடார் குமாரிதாஷ்விலி பயிற்சியின்போது தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு மாண்டார். அவர்க்கு வயது 21. டாவோசில் முதற் பந்தயம் நடந்த நாளும் பிப்ரவரி 12 என்பது தற்செயல். மணிக்கு 26 கிலோமீட்டரில் தொடங்கிய விளையாட்டு 140 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓர் இளைஞரைப் பலிகொண்டது தற்செயலன்று. அதன்பின் கட்டப்படும் தடங்களில் வேகத்தை அடக்க வேண்டும் எனக் கூட்டமைப்பும் உணர்ந்தது.

செயற்கைத் தடம் உலகில் மிகச் சில இடங்களிலேயே உண்டு என்பதால், தடம் இல்லாத நாட்டவர்க்கு நேரும் இடரும் பெரிது. 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் ஓட்டிய சிவ கேசவன், வண்டியில் சக்கரம் பூட்டி இமயமலைச் சாலைகளில் லாரிகளுக்கிடையே பயிற்சி செய்தார். மலையுள்ள நாடு எதற்கும் வழி உண்டு. தடம் சிலர்க்கே உண்டு.

பனி குறையும் காலம்

இவ்வளவும் இயற்கைத் தடத்தின் சிறப்பைக் காட்டும். அதன் எதிர்காலமோ கவலைக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் வெப்பநிலை ஏறத்தாழ 2 டிகிரி உயர்ந்துள்ளது. உலகச் சராசரியைப் போல் இது ஏறத்தாழ இருமடங்கு. தாழ்ந்த சரிவுகளில் பனி தாமதமாக விழுகிறது; விரைவில் கரைகிறது. முதல் ஐரோப்பியப் போட்டி நடந்த காப்ஃபென்பெர்க் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில்தான் உள்ளது. முதல் உலகப் போட்டி நடந்த இன்சிங் ஊரும் 600 மீட்டரை ஒட்டியே உள்ளது. இத்தகைய உயரங்களில் ஓட்டத்துக்கு வேண்டிய உறைபனி இனி ஆண்டுதோறும் கிடைக்கும் என உறுதி கூற இயலாது.

செயற்கைத் தடம் இவ்விடரைப் பொறியால் எதிர்கொள்ளும். இயற்கைத் தடம் எதிர்கொள்ளக் கூடாது என்று அதன் இலக்கணமே தடுக்கிறது. எந்த விதி அதனைத் தனி விளையாட்டாக நிறுத்தியதோ, அந்த விதியே இன்று அதன் உயிருக்கு உலை வைக்கிறது. குளிரூட்டும் குழாயை அனுமதித்தால் போட்டி பிழைக்கும். ஆனால் செலவு ஏறும், சிற்றூர்கள் விலகும், எஞ்சுவது வேகம் குறைந்த மற்றொரு செயற்கைத் தடமாகவே இருக்கும். உயரமான இடங்களுக்குப் பெயர்ந்தால் பனி கிடைக்கும். ஆனால் ஊரும், ஊர்ச்சங்கமும், பள்ளி முடிந்து மாலையில் தடத்துக்கு வரும் பிள்ளைகளும் கீழேயே நின்றுவிடுவர்.

இவ்விரண்டனுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நாள் வந்தால், மேலே ஏறுவதே தகும் எனத் தோன்றுகிறது. வைக்கோலுக்காக மேலே ஏறி, வண்டியைத் தோளில் சுமந்து சென்றவர்களின் வழிவந்த விளையாட்டு அது. ஏறும் உழைப்பு அதற்குப் புதிதன்று. குளிரூட்டும் பொறியின் துணையோடு பிழைப்பதாயின், 1970-இல் அது தனியே பிரிந்து நின்றதற்குப் பொருளே இல்லாமற் போகும். அண்மைக் காலத்தில் கூட்டமைப்பு இவ்விளையாட்டுக்கு 'ஆல்பைன் லூஜ்' என்னும் பெயரையும் வழங்கி வருகிறது. மலையின் பெயரைத் தாங்கும் விளையாட்டு மலையின் வானிலையோடுதான் வாழ வேண்டியிருக்கும். அவ்வானிலையைக் கெடுத்த கைகளோ ஆல்ப்ஸ் மலைமக்களுடையன மட்டுமல்ல. பனியையே காணாத நாடுகளின் புகைபோக்கிகளுக்கும் அதில் பங்கு உண்டு.